திறமை இருந்தும் ஆர்வம் இல்லாத பிள்ளை கூடைப்பந்தில் முன்னேறுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். உயரம் 6 அடி 2 அங்குலம். ஏழாம் வகுப்பிலேயே பள்ளிக் கூடைப்பந்து அணியில் இடம் பிடித்து, எட்டாம் வகுப்பில் மாவட்ட அணிக்கு ஆடினான். அப்போது அவன் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும், இவன் கட்டாயம் மாநில அணிக்குப் போவான் என்றார்கள். கடந்த ஓராண்டாகப் பயிற்சிக்குத் தாமதமாகத்தான் போகிறான். ஓடச் சொன்னால் நடக்கிறான். போட்டியில் 15, 20 புள்ளிகளைச் சிரமமே இல்லாமல் எடுத்துவிட்டு, எதிரணி பந்தைக் கொண்டுபோகும்போது தற்காப்புக்குத் திரும்பி வருவதே இல்லை. மாநில அணித் தேர்வில் முதல் சுற்றோடு திரும்பிவிட்டான். கேட்டால், "எனக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை" என்கிறான். தேர்வானால் புதுக் கைப்பேசி வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் எங்களுக்கு இருந்தது. இத்தகைய பிள்ளை இனி முன்னேற முடியுமா?

– ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை

பதில்: முடியும். கூடைப்பந்தில் 16 வயது என்பது தீர்ப்பு எழுதும் வயதே அல்ல. ஆனால் ஆர்வம் இல்லை என்று நீங்கள் முடிவுகட்டியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறேன். உடல் அசதி, பயம், சலிப்பு, உண்மையிலேயே விருப்பம் இல்லாமை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைமைகள் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுபோலவே தெரியும். அவற்றுள் எது உங்கள் மகனுடையது என்று தெரிந்துகொள்ளாமல் செய்யும் எந்த வைத்தியமும் பலிக்காது.

முதலில் உடலைப் பாருங்கள். பிளஸ் ஒன் பிள்ளை விடியற்காலைப் பயிற்சிக்கு எழுந்து, பள்ளிக்குப் போய், மாலையில் டியூஷன் முடித்து, இரவு பதினொன்றரைக்குப் படுக்கிறான் என்றால், அவன் ஓடச் சொன்னபோது நடப்பதில் வியப்பே இல்லை. இந்த வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்களுக்கு இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வில் அவர்களின் ஓட்ட வேகம் கூடியது, யாரும் தடுக்காமல் கோட்டிலிருந்து எறியும் ஃப்ரீ த்ரோவும், தொலைவிலிருந்து எறியும் த்ரீ பாயிண்டரும் வளையத்துக்குள் விழும் அளவு ஏறக்குறைய 9 சதவீதம் உயர்ந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தூங்காத பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு. அடுத்ததாக, ஒரு மருத்துவரிடம் காட்டி ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதியுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். மளமளவென்று வளரும் வயதில் குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு அந்த வலி சாதாரணமாக வருவது. அப்பாவிடம் வலியைச் சொன்னால் ஆடவிட மாட்டார் என்றோ, சாக்குச் சொல்கிறான் என்பார் என்றோ நினைத்து மறைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

உடலில் குறை ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்தது, அவன் எட்டாம் வகுப்பிலேயே மாவட்ட அணிக்கு ஆடினான் என்பதுதான். ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 13, 14 வயதில் வருகிறது. சிலருக்கு ஓரிரண்டு ஆண்டு முந்தியும், சிலருக்குப் பிந்தியும் வரும். முந்தி வளர்ந்தவன், தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்குக் கீழே போய் நின்றாலே போதும். மற்றவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் பந்தைப் பிடித்து, அதே உயரத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாக உள்ளே போட்டுவிடுவான். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இடது கையால் பந்தைத் தரையில் தட்டி டிரிபிள் செய்து உள்ளே நுழைய அவன் கற்றிருக்க மாட்டான். எதிராளியை இடுப்பாலும் முதுகாலும் மறித்து நிறுத்திவிட்டு, உள்ளே விழாமல் தெறித்து வரும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு எழும் பாக்ஸ் அவுட்டையும் கற்றிருக்க மாட்டான். கற்க வேண்டிய தேவையே அவனுக்கு வந்திருக்காது. ஊரார் அதைத் திறமை என்றார்கள். அதில் திறமையும் இருந்தது, முந்தி வந்த உயரமும் இருந்தது; எது எவ்வளவு என்று அப்போது யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. மாநிலத் தேர்வில்தான், தன்னளவு உயரமும் தன்னைவிட நல்ல கால் வேகமும் உள்ள பிள்ளைகளை அவன் முதல்முறையாக வரிசையாகப் பார்த்திருப்பான்.

அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழுமூச்சாக முயன்று தோற்றால், திறமைசாலி என்று எல்லாரும் கொடுத்த பெயர் போய்விடும். முயலாமல் தோற்றால் அந்தப் பெயர் பத்திரமாக இருக்கும். மனசு வைத்திருந்தால் முடிந்திருக்கும் என்று அவனும் சொல்லிக்கொள்ளலாம், வீட்டாரும் சொல்லிக்கொள்ளலாம். "எனக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை" என்ற பதிலை நான் பெரும்பாலும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகன் விஷயத்தில் அது சரிதானா என்று அறிய, அடுத்த போட்டிக்குப் போகும்போது பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். அவன் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் பட்டுத் தெறித்த அந்த நொடியில் அவன் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது? பயிற்சியாளரையோ, பார்வையாளர் வரிசையில் உங்களையோ தேடித் திரும்பினால், அவனுக்கு அந்த ஆட்டம் இன்னும் மிகவும் முக்கியம். அளவுக்கு மீறி முக்கியமாக இருப்பதுதான் அவன் தொல்லை. விழுந்தாலும் விழாவிட்டாலும், அணி வென்றாலும் தோற்றாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, மாற்று ஆட்டக்காரராக உட்காரச் சொன்னால் நிம்மதியாக உட்காருகிறான் என்றால், விருப்பம் உண்மையாகவே வேறு பக்கம் போயிருக்கிறது.

இத்தகைய பிள்ளை முன்னேற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1995 பிப்ரவரியில் நான்கே நாள் இடைவெளியில் பிறந்து, 2014-இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒன்றாகவே உள்ளே வந்த இருவரைச் சொல்கிறேன். ஒருவர் கனடாவின் ஆண்ட்ரூ விக்கின்ஸ். தந்தை மிட்செல் விக்கின்ஸ் என்.பி.ஏ. வீரர், தாய் மரீட்டா பெய்ன் 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளி வென்றவர். பிறப்பிலேயே இவ்வளவு கொடுத்துவைத்த விக்கின்ஸ் அந்தத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டார். மினசோட்டா அணிக்கு ஆடி, ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் பெற்றார். 2016-17 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 23 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். அப்படியிருந்தும் ஐந்தாறு ஆண்டுகள் அவரைப் பற்றி எல்லாரும் சொன்னது, நீங்கள் உங்கள் மகனைப் பற்றிச் சொல்வதையேதான்: எல்லாம் இருக்கிறது, உள்ளே நெருப்பு இல்லை. 2020 பிப்ரவரியில் அவர் கோல்டன் ஸ்டேட் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே அணியைச் சுமக்கும் நட்சத்திரமாக இருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஸ்டெஃபன் கரி ஏற்கெனவே இருந்தார். எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து தடுப்பது, ரீபவுண்டுக்குப் போவது என்று எல்லை வகுத்த பணி அவரிடம் தரப்பட்டது. மினசோட்டாவில் ஆட்டத்துக்கு நாலைந்து ரீபவுண்டு எடுத்துக்கொண்டிருந்தவர், 2022 இறுதிச் சுற்றில் பாஸ்டனுக்கு எதிரான நான்காம் ஆட்டத்தில் 16 ரீபவுண்டும், ஐந்தாம் ஆட்டத்தில் 26 புள்ளிகளும் 13 ரீபவுண்டும் எடுத்து, பாஸ்டனின் ஜேசன் டேட்டமையும் தடுத்து, கோப்பை வென்ற அணியின் தூண்களில் ஒருவரானார். அந்த அமைதியான சுபாவம் அப்படியேதான் இருந்தது. அவரிடம் கேட்கப்பட்ட வேலைதான் தெளிவானது.

இன்னொருவர் செர்பியாவின் சோம்போர் நகரைச் சேர்ந்த நிக்கோலா யோக்கிச். பருமனான பையன், நாளொன்றுக்கு மூன்று லிட்டர் கோலா குடித்தவர், பெல்கிரேடின் மெகா அணிக்கு வந்த தொடக்கத்தில் ஒரு தண்டால்கூட எடுக்க முடியாதவராக இருந்தார் என்று சொல்வார்கள். ஆனால் பந்தை யாருக்கு, எப்போது, எந்தக் கோணத்தில் கொடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அறிவை அங்கே கண்டுகொண்டார்கள். அவருடைய பயிற்சியாளர் டேயான் மிலோயெவிச், உடம்பு சரியாகும்வரை காத்திரு என்று சொல்லாமல் பந்தை அவர் கையில் கொடுத்து ஆட்டத்தை நடத்தவிட்டார். விக்கின்ஸ் முதலாவதாக எடுக்கப்பட்ட அதே தேர்வில் யோக்கிச்சை 41-ஆவதாக டென்வர் எடுத்தது. அமெரிக்கா வந்ததும் கோலாவை விட்டார். உடம்பு மெல்ல மெல்ல மாறியது. 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் விருதும், 2023-இல் கோப்பையும் பெற்றார். கோப்பையை வென்ற அன்றும், வேலை முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார். அவர் மனம் ஊரில் இருந்த பந்தயக் குதிரைகளிடம் இருந்தது. ஆர்வம் என்றால் கண் சிவக்க வேண்டும், மார்தட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் யோக்கிச் ஆடுவதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. 2003-இல் 18 வயதில் இரண்டாவதாகத் தேர்வான டார்கோ மிலிச்சிச், லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்தும், கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் போஷ், டுவைன் வேட் ஆகியோருக்கு முன்னும் எடுக்கப்பட்டவர். டெட்ராய்ட் அணி அப்போதே வலுவாக இருந்ததால் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அணி கோப்பை வென்றபோதும் அவருக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. பத்து ஆண்டுகளுக்குள் அணி அணியாக மாறி, ஆட்டத்தையே விட்டுவிட்டு, ஊர் திரும்பிப் பழத்தோட்டம் வைத்தார். எல்லார் மேலும் வீம்பு காட்டுவதாக நினைத்துத் தனக்கே கேடு செய்துகொண்டேன் என்ற பொருளில் பிற்காலத்தில் அவரே பேசியிருக்கிறார். அவரை வெறும் சோம்பேறி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆடித் தவறிக் கற்க வேண்டிய வயதில் ஆடவே இடம் கிடைக்காத பிள்ளை அவர். ஆனாலும் அவர் தரப்பில் நேர்ந்த தவறை யாரும் வெளியிலிருந்து திருத்தியிருக்க முடியாது என்பதும் உண்மை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். கைப்பேசி ஆசை காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாமாகவே விரும்பிப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி பரிசும் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். ஆசையாகச் செய்ததைக் கூலிக்குச் செய்வதாக மாற்றிவிட்டால், கூலி நிற்கும்போது ஆசையும் சேர்ந்து போய்விடும். பொறியியல் கல்லூரி இடம் என்பதும் அவன் காதில் ஒரு கூலியாகத்தான் விழுகிறது, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் கூலி. அந்தப் பேச்சையும் கொஞ்ச காலம் ஒத்திவையுங்கள்.

பயிற்சியாளரைத் தனியாகச் சந்தித்து இரண்டு உதவிகள் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு அவனைப் புள்ளிக் கணக்கால் அளக்க வேண்டாம். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுப்பதையும், ஒவ்வொரு முறை பந்து எறியப்படும்போதும் ஒருவரைப் பாக்ஸ் அவுட் செய்வதையும் மட்டும் அவன் பணியாக வைத்து, அதை யாராவது பெஞ்சில் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணட்டும். ஒன்பது முறையில் நான்கு முறை செய்தான் என்ற கணக்கு, 'இன்னும் உழைக்க வேண்டும்' என்ற அறிவுரையைவிடப் பத்து மடங்கு பயன் தரும். அடுத்த ஆட்டத்தில் ஐந்தாக்குவது அவன் கையில் இருக்கிறது என்பது அவனுக்கே தெரியும். மற்றது, வாரத்தில் ஓரிரு மாலை அவனைக் கல்லூரி மாணவர்களோடும் வேலைக்குப் போகும் பழைய வீரர்களோடும் ஆடவிடுவது. அங்கே அவன் உயரம் ஒரு பொருட்டாக இருக்காது. தோற்பதும் அவமானமாக இருக்காது, ஏனென்றால் எல்லாரும் மூத்தவர்கள். முந்தி வளர்ந்த பிள்ளைகள் தம் குறைகளைக் கௌரவம் கெடாமல் கண்டுகொள்வதற்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

உங்கள் பங்கு இதைவிடக் கடினம். போட்டி முடிந்து வண்டியில் வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவனாகப் பேசினால் கேளுங்கள். 'திறமைசாலி' என்ற சொல்லை வீட்டில் புழங்காதீர்கள், உறவினர் முன்னால் அறவே வேண்டாம். ஒரு நாள், போட்டி இல்லாத நாளாகப் பார்த்து, அவனிடம் நேராகக் கேளுங்கள்: இதை விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால் விட்டுவிடலாம், நாங்கள் வருத்தப்பட்டாலும் கோபப்பட மாட்டோம், உனக்கு என்ன தோன்றுகிறது? இதை மனதாரச் சொல்ல வேண்டும்; உத்தியாகச் சொன்னால் பிள்ளை கண்டுபிடித்துவிடுவான். விட்டுவிடுகிறேன் என்று அவன் சொன்னால் இரண்டு மாதம் இடைவெளி கொடுங்கள். அந்த இரண்டு மாதத்தில், யாரும் சொல்லாமல் அவனாகப் பந்தை எடுத்துக்கொண்டு போனால் ஆர்வம் உள்ளேதான் இருந்தது. போகவில்லை என்றால், அவனுக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது; 6 அடி 2 அங்குலம் வளர்ந்ததற்காக அவன் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பெண்கள் அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடும் பத்தாம் வகுப்பு மாணவியைப் போல ஆட்டத்தைப் புரிந்துகொண்டு பந்தை நகர்த்துபவர் எங்கள் மாவட்டத்திலேயே இல்லை என்பேன். ஆனால் இந்த ஆண்டு வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வந்தால் அதிகம். வந்தாலும் ஒதுங்கி நிற்கிறாள். அவளுக்காக விதியைத் தளர்த்தினால் மற்ற பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். கண்டித்தால் ஒரேயடியாக நின்றுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

– தேனி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: விதியைத் தளர்த்தாதீர்கள். பயிற்சிக்கு வராதவர் போட்டியில் தொடக்க ஐவரில் இல்லை என்பது விதியானால், அது அவளுக்கும் பொருந்த வேண்டும். ஒரு போட்டியில் தோற்றாலும் பரவாயில்லை. நட்சத்திரத்துக்கு ஒரு சட்டம், மாற்று ஆட்டக்காரருக்கு ஒரு சட்டம் என்று ஆனால், முதலில் கெடுவது அந்த நட்சத்திரம்தான். ஆனால் விதியைப் பயன்படுத்துவதற்கு முன்னால் காரணத்தை விசாரியுங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் அது பத்துக்கு எட்டு முறை ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பத்தாம் வகுப்பு வந்ததும் 'பொதுத் தேர்வு முடியட்டும்' என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். பயிற்சி ஆறரைக்கு முடிந்தால் அவள் ஊருக்குப் போகும் கடைசி நகரப் பேருந்து எத்தனை மணிக்கு? மைதானத்தில் கதவு தாழிடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா? மாதவிடாய் நாட்களில் வராமல் இருந்தால் காரணம் கேட்காமல் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறதா? அரைக்கால் சட்டை அணிந்து ஆடுவதைப் பற்றித் தெருவில் யாராவது எதையாவது சொல்லியிருக்கிறார்களா? வளர்ந்துவரும் உடலோடு, பொருத்தமான உள்ளாடை இல்லாமல், பையன்கள் வேடிக்கை பார்க்கும் களத்தில் குதிக்கவும் ஓடவும் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கும் பெண்ணைத்தான் பல இடங்களில் ஆர்வம் இல்லாதவள் என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் ஆண் ஆசிரியராக இருந்தால், இதை அவளிடம் நேரடியாகக் கேட்பதைவிட, அவள் நம்பும் ஓர் ஆசிரியையிடமோ, பள்ளியில் முன்பு ஆடிய அக்கா ஒருவரிடமோ பேசச் சொல்லுங்கள்.

பெற்றோரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், அவளோடு அதே பேருந்தில் யார் வருவார்கள், தேர்வுக்கு முந்தைய மாதங்களில் எத்தனை நாள் விடுப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டாரின் அச்சம் பெரும்பாலும் நேரத்தையும் வழித்துணையையும் பற்றியதுதான். தமிழ்நாட்டைச் சேர்ந்த அனிதா பால்துரையைப் பற்றியும் அவர்களிடம் சொல்லலாம். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றவர். குழந்தை பெற்ற பிறகும் அணிக்குத் திரும்பி, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் பி பிரிவை வென்ற அணியில் ஆடியவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவ்வளவு நீண்ட காலம் ஒருவர் ஆடியிருக்கிறார் என்றால், அவருடைய மன உறுதியோடு, இடையில் அவரை ஆடவிட்டவர்களும் இருந்தார்கள் என்று பொருள்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் அவள் வராவிட்டால், அப்போது விதி தன் வேலையைச் செய்யட்டும். கடுமையான சொல் எதுவும் தேவையில்லை. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, களத்தில் ஆடும் இளையவளுக்கு எந்தப் பாஸ் தவறியது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த அறிவு மதிக்கப்படுகிறது என்று தெரிந்தால் அடுத்த வாரம் வருவாள் என்றே எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்; 19 வயது. பள்ளியில் நன்றாக ஆடினேன் என்பதால் கல்லூரி அணியில் சேர்த்துக்கொண்டார்கள். போட்டி ஆட மிகவும் பிடிக்கும், பயிற்சி கொஞ்சமும் பிடிக்காது. எல்லாரும் என்னைச் சோம்பேறி என்கிறார்கள். எனக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. இனிமேல் முன்னேற நேரம் கடந்துவிட்டதா?

– கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவர்

பதில்: நேரம் கடந்துவிடவில்லை. நைஜீரியாவின் ஹக்கீம் ஒலாஜுவான் லாகோஸ் நகரில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடிக்கொண்டிருந்து, ஏறக்குறைய 15 வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டார், 1984-இல் என்.பி.ஏ. தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டு, 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஹூஸ்டன் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். உங்களிடமிருந்து யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. கல்லூரி அணியில் பெஞ்சிலிருந்து தொடக்க ஐவருக்குள் வருவதற்கு 19 வயது தாராளமாகப் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆர்வம் வரட்டும் என்று காத்திருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வேலையைத் தொடங்கிய பிறகுதான் வருகிறது, அதுவும் கொஞ்சமாவது கைகூடி வருகிறது என்று தெரிந்த பிறகு. போட்டி பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் சோம்பேறி இல்லை. முடிவு தெரியாத வேலை உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். போட்டியில் ஸ்கோர் பலகை இருக்கிறது, எதிராளி இருக்கிறார். வரிசையில் நின்று முறை வரும்போது வளையத்துக்கு அருகே ஓடிப்போய்ப் பந்தை உள்ளே போடும் லே-அப் பயிற்சியில் இரண்டும் இல்லை. உங்கள் பயிற்சிக்கு அந்த இரண்டையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

அணிப் பயிற்சி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக, உங்களோடு ஒத்துவரும் ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். தனியாகப் போனால் நான்காம் நாள் நின்றுவிடுவீர்கள். ஒருவருக்கு ஒருவர் ஆடுங்கள், ஆனால் மூன்று டிரிபிளுக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கட்டுப்பாடு, முதல் அடியை எங்கே வைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்துவிடும். ஐந்து புள்ளி எடுத்தவர் வென்றார். பிறகு இடது கையால் மட்டும் அதே ஆட்டம். இரண்டும் முடிந்து மூச்சு வாங்கும்போதே கோட்டுக்குப் போய்ப் பத்து ஃப்ரீ த்ரோ எறியுங்கள். ஓய்வெடுத்துவிட்டு எறிவது போட்டியில் உதவாது, ஏனென்றால் போட்டியில் அந்த 4.6 மீட்டர் கோட்டில் நிற்கும்போது யாரும் ஓய்ந்து நிற்பதில்லை. பத்தில் எத்தனை விழுந்தது என்பதைத் தேதியோடு ஒரு சிறிய நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் தன் கணக்கைத் தன் நோட்டில் எழுதட்டும்.

பயிற்சியாளரிடமும் ஒன்று கேளுங்கள்: தொடக்க ஐவரில் என்னைச் சேர்க்க, எந்த ஒரு குறை தீர வேண்டும்? ஒரே ஒரு குறையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஐந்தைச் சொன்னால் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால் அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், மறுநாள் போய்விடுங்கள். தொடக்கத்தில் பத்துக்கு நான்கு, மூன்று என்றுதான் விழும். பள்ளியில் நன்றாக ஆடியவருக்கு அதை எழுதக் கை கூசும். அதையும் விடாமல் எழுதுங்கள்.